உறுதியாகப் பெறக்கூடிய முடிவு

'மழை பெய்திருக்கிறது' என்ற விடைக்கு நேரே சறோஜினிதேவி துணிந்து ஒரு புள்ளடி போட்டாள்.

"பிழை," என்றான் சிவபாதம்.

"என்ன பிழை? ஒருத்தர் ஈரக் குடையோடை கந்தோருக்குள்ளை வாறார். மழை பெய்யாமல் குடை எப்பிடி நனையும்?"

"கிணத்தடியிலை கழுவியிருக்கலாம். வள்ளத்திலை வரேக்கை கடலுக்கை விழுத்தியிருக்கலாம். கேள்வியை வாசியும். 'உறுதியாகப் பெறக்கூடிய முடிவு எது?' நாலாவது விடையைப் பாரும்."

நாலாவது விடை, 'வந்தவரிடம் ஒரு குடை இருக்கிறது' என்று சொன்னது.

"இதுவும் ஒரு முடிவோ? எங்கடை வீட்டுப் பூனையும் சொல்லுமே."

"பூனை பாஸ் பண்ணும். நீர் ரெண்டு தரம் பெயில்."

வகுப்பிலிருந்த மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். சறோஜினிதேவிக்கும் சிரிப்பு வந்தது. சிவபாதம் அவளைவிட இரண்டு வயதுதான் மூத்தவன். ஊர்காவற்றுறையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். முதல் தடவையிலேயே எழுதுவினைஞர் சோதனை பாஸ் பண்ணியவன் என்பதால் சனிக்கிழமைகளில் தன் வீட்டு விறாந்தையில் இந்த வகுப்பை நடத்தினான்.

"உம்மடை வியாதி எனக்கு விளங்குது," என்றான். "நீர் எழுவைதீவு. அங்கை ஒருத்தரும் ஒருத்தரையும் ஒண்டும் கேக்கிறேல்லை. எல்லாத்தையும் தாங்களாவே கண்டுபிடிக்கிற ஆக்கள். அந்தப் பழக்கத்தோடை நுண்ணறிவுப் பேப்பர் எழுத ஏலாது."

அவன் சொன்னதில் பொய்யில்லை. படலையைத் தாண்டுகிற ஒருவரைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று கேட்டுவிட்டால் போன காரியம் சரிவராது என்பது தீவுகளில் எல்லாருக்கும் உள்ள பயம். மிஞ்சிப் போனால் "தூரமோ?" என்று கேட்கலாம். "ஓம், ஒரு அலுவல்," என்று பதில் வரும். மீதியைக் கையைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். கையில் வெறும் போத்தல் இருந்தால் ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கப் போகிறார். தேங்காயும் பூவும் இருந்தால் கோயில். சுருட்டிய கடதாசியும் குடையும் என்றால் காணி உறுதி எழுத நொத்தாரிசு வீட்டுக்கு. இப்படியே பார்த்துப் பார்த்து வளர்ந்த பெண்ணிடம் ஈரக் குடையைக் காட்டி, மழை என்று நினைக்காதே என்றால் எப்படி?

"நாலு விஷயம் நினைவிலை வைச்சிரும்," என்றான் சிவபாதம். "முதல் கேள்வியை வாசியும், பிறகு பந்தியை வாசியும். பந்தியிலை இல்லாததை நீர் உள்ளுக்குக் கொண்டு போகாதையும். 'எல்லாரும்', 'ஒருபோதும்' எண்டு விடையிலை கண்டால் ஒருக்கா நிண்டு யோசியும். கடைசியா, இருக்கலாம் எண்டது வேறை, இருக்கு எண்டது வேறை."

சறோஜினிதேவி அதைக் கொப்பியின் உள்மட்டையில் எழுதிக்கொண்டாள். வயதெல்லைக்குள் அவளுக்கு இது கடைசித் தடவை. கல்யாணம் முடித்து நாலு வருஷம். கணவன் இராசநாயகம் குருணாகலில் தன் தாய்மாமனின் கடையில் நிற்கிறான். தைப்பொங்கலுக்கும் சித்திரை வருஷத்துக்கும் கோயில் திருவிழாவுக்குமாக வந்து போவான். நாலு வருஷத்தில் இருவரும் ஒரு கூரையின் கீழ் இருந்த நாட்களை அவள் ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். ஐந்து மாதம் கூட வரவில்லை. அரசாங்க உத்தியோகம் கிடைத்தால் அந்தப் பக்கமாக ஒரு கந்தோரைக் கேட்டுப் போகலாம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிடலாம். அவ்வளவுதான் அவள் ஆசை.

அந்த ஆசைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஈரக் குடை நின்றது.

இந்தத் தடவை சோதனை எழுதுவதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. முதல் இரண்டு தடவையும் தீவே திரண்டு வந்து அவளை வழியனுப்பியது. கோயிலில் பொங்கல், தேவாலயத்தில் மெழுகுதிரி. படகோட்டி மரியநாயகம் வள்ளத்துக்கு மாலைகூடக் கட்டினான். பெயில் என்று வந்தபோது ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆள் வந்து, "பரவாயில்லைப் பிள்ளை," என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தனை பரவாயில்லையையும் இன்னொரு முறை கேட்க அவளால் முடியாது.

ஆகவே கூட இருக்கிற மாமியாருக்கும் சொல்லவில்லை, கணவனுக்கும் எழுதவில்லை. சனிக்கிழமை காலையில், "மாமி, ஒரு அலுவலாப் போட்டு வாறன்," என்பாள். மாமி அன்னப்பிள்ளை, "வடிவாப் போட்டு வா பிள்ளை," என்பாள். ஊரின் வழக்கம் அவளுடைய இரகசியத்தைக் காத்தது.

வைகாசி பிறந்தபோது அவளுக்குப் பத்துக் கேள்விக்கு ஒன்பது சரிவரத் தொடங்கியது. பழக்கம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு பிடித்ததென்றால், அடுத்த வீட்டுச் செல்லாச்சி ஒருநாள் ஆறு முட்டை கொண்டுவந்து வைத்தபோது சறோஜினிதேவி தனக்குள், 'உறுதியாகப் பெறக்கூடிய முடிவு: முட்டை வந்திருக்கிறது,' என்று மட்டும் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு நாளில் செல்லாச்சி சீனி கொண்டுவந்தாள். கூப்பனுக்கு அளந்து தருகிற சீனி, அவளுடைய வீட்டுக்கே காணாத சீனி.

"ஏன் அக்கா இது? உங்கடை பிள்ளையளுக்கு வேண்டாமே?"

"அதுகள் பனங்கட்டி கடிக்குங்கள். நீர் பாலிலை போட்டுக் குடியும். உடம்பிலை பெலன் வேணும்."

'முடிவு: சீனி வந்திருக்கிறது.'

மாமி விடிய முதல் எழும்பிக் குசினி வேலை முழுவதையும் முடித்தாள். மருமகள் விளக்குமாறைத் தொட்டால், "நீ உள்ளுக்குப் போ," என்றாள். முற்றத்துக்குக் கதை பேச வந்தவர்களைப் படலையிலேயே மறித்து அனுப்பினாள். அவர்கள் வீட்டைப் பார்த்து அலறிக்கொண்டிருந்த கோயில் ஒலிபெருக்கியை யாரோ மரத்தில் ஏறிக் கடலைப் பார்க்கத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பக்திப் பாட்டெல்லாம் அம்முறை மீன்களுக்குத்தான்.

'முடிவு: ஒலிபெருக்கி திரும்பியிருக்கிறது.'

இப்படியே விட்டிருந்தால் அவள் நிம்மதியாகப் படித்திருப்பாள். ஆனால் ஒருநாள் மேரிஜோசப்பின் வந்தாள்.

மேரிஜோசப்பின் தீவின் மருத்துவிச்சி. இருபது வருஷமாக அங்கே பிறந்த பிள்ளைகளை எல்லாம் ஏந்தியது அவளுடைய கைதான். காரணமில்லாமல் அவள் ஒரு வீட்டுப் படலையைத் திறப்பதில்லை. திறந்தால் அந்த ஒழுங்கையில் உள்ள வீடெல்லாம் எட்டிப் பார்க்கும். அவள் ஒரு கட்டுக் கீரையை மாமியிடம் கொடுத்துவிட்டு, சறோஜினிதேவியின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"நித்திரை கொள்ளுறீரோ?"

"ஓம்."

"பொய். கண் குழி விழுந்து கிடக்கு. நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும். நானும் எத்தினை பேரைக் கண்டனான். எல்லாம் சுகமா நடக்கும்."

மாமியும் மருத்துவிச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

அந்த இடத்தில் சிவபாதம் கட்டிய வேலி பிரிந்துபோனது. முட்டை, பால், சீனி, கீரை, வேலை செய்யாதே, மருத்துவிச்சி! போதாததற்கு, போன சனிக்கிழமை வள்ளத்தில் கொப்பியைப் பார்த்துக்கொண்டே போனதில் அவளுக்குத் தலைசுற்றி ஓங்காளித்தது. மரியநாயகம் அதைக் கண்டவன். சனிக்கிழமை தோறும் அவள் போவது ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். இராசநாயகம் சித்திரை வருஷத்துக்கு வந்து போய் ஒரு மாதத்துக்கு மேல். மூன்று மாதம் முடியும்வரை இந்த விஷயத்தை ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள், கண்ணூறு பட்டுவிடும் என்று.

"ஐயோ கடவுளே," என்று சறோஜினிதேவி குசினிப் படியில் இருந்துவிட்டாள். "இவையள் என்னைப் பிள்ளைத்தாச்சி எண்டு நினைச்சுப்போட்டினம்!"

நாலு வருஷமாக மாமி எதிர்பார்த்திருந்த செய்தி அது. ஒருநாளும் வாய்விட்டுக் கேட்காத மாமி. இல்லையென்று தெரியும்போது அந்த முகம் என்னவாகும்? இல்லையென்று சொல்வதானால் சனிக்கிழமைகளில் எங்கே போகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாமலே விளங்க வைப்போம் என்று தீர்மானித்தாள்.

மறுநாள் ஊர்க்கிணற்றில் இரண்டு பெரிய வாளி நிறைய அள்ளி, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, செல்லாச்சி காணவேண்டும் என்பதற்காகவே ஒழுங்கையைச் சுற்றி நடந்து வந்தாள். பிள்ளைத்தாச்சி இப்படித் தூக்குவாளா?

செல்லாச்சி கண்டாள். "என்ரை அம்மாளாச்சி!" என்று ஓடிவந்து வாளிகளைப் பறித்தாள். "விசரோ உமக்கு? இந்த நேரத்திலை ஏதும் வந்து படுத்தீரெண்டால்?"

அடுத்தநாள் தொடக்கம் செல்லாச்சி ஒரு வாளியும் மேரிஜோசப்பின் ஒரு வாளியும் கொண்டுவந்து வைத்தார்கள். சறோஜினிதேவிக்குக் குளிக்கவும் மாமி வெந்நீர் வைத்தாள்.

சரி, ஊர்காவற்றுறைப் பயணத்துக்கு வேறு காரணம் காட்டுவோம் என்று நினைத்தாள்.

"மாமி, நான் சனிக்கிழமையளிலை போறது பல்லுக்கு. கடைவாய்ப் பல்லு."

மாமி திடுக்கிட்டுப் போனாள். "நான் கேக்கேல்லையே பிள்ளை!"

"நீங்கள் கேக்கேல்லை. நானாத்தான் சொல்லுறன்."

"போற இடத்தை வாயாலை சொல்லாதை. போற காரியம் சரிவரவேணுமெல்லே?" மாமி சற்று யோசித்தாள். "பல்லுக் கொதியெண்டால் பிட்டுச் சாப்பிட ஏலாதே."

அன்று தொடங்கிய கஞ்சி ஏழு நாள் நீடித்தது. வீட்டில் நண்டுக் கறி மணந்த அன்றும் அவளுக்குக் கஞ்சிதான். வலிக்காத பல்லைக் கையால் பொத்திக்கொண்டு அவள் அதைக் குடித்தாள். எட்டாம் நாள் பல் சுகம் என்று அறிவித்தபோது மாமி கோயிலில் கற்பூரம் கொளுத்தினாள்.

இனி மாமி இராசநாயகத்துக்கு எழுதிவிட்டால்? அவன் கடையில் எல்லாருக்கும் சொல்லி, பிறகு தலைகுனிய வேண்டி வருமே. சறோஜினிதேவி முந்திக்கொண்டாள். 'மாமி ஏதும் நல்ல செய்தி எழுதினால் இப்போதைக்கு நம்ப வேண்டாம். ஒன்றும் நிச்சயமில்லை. வேறு எதுவும் என்னிடம் கேட்க வேண்டாம்,' என்று ஒரு தபாலட்டை போட்டாள்.

ஒன்பதாம் நாள் பதிலும் ஒரு பேணி சத்துமாவும் வந்தன. அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் எந்தக் கடையில் தவம் கிடந்தானோ தெரியாது.

'சறோ, நிச்சயமில்லாவிட்டாலும் பரவாயில்லை. எப்படி முடிந்தாலும் உம்மில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நித்திரை முழிக்க வேண்டாம். சத்துமாவைக் காலையும் மாலையும் குடியும். நான் ஒன்றும் கேட்கவில்லை.'

அவள் கடிதத்தை மடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள். இப்படி ஒரு மனிதனை, இப்படி ஒரு மாமியை, இல்லாத பிள்ளையால் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேனே! சோதனை முடிந்த அன்றே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று முடிவுசெய்தாள். அதற்குள் கிடைத்த பாலையும் முட்டையையும் வீணாக்காமல் சாப்பிட்டாள். தினமும் ஐம்பது கேள்வி செய்தாள்.

ஆனி மாதச் சனிக்கிழமை. யாழ்ப்பாணத்தில் சோதனை. சோளகக் காற்றில் கடல் குழம்பிக் கிடந்தது. மரியநாயகத்தின் வள்ளத்தில் நடுப்பலகை மேல் ஒரு தலையணை போட்டிருந்தது.

"இதிலை இரும் தங்கச்சி. ஆட்டாமல் கொண்டுபோறன்."

"அண்ணை, தலையணை வேண்டாம். கெதியா விடுங்கோ. பஸ் போடும்."

"பஸ் போகாது. ஆறுதலாப் போவம். தண்ணி தெறிக்கக் கூடாது."

அவன் ஒவ்வொரு அலையிடமும் அனுமதி கேட்டுக் கேட்டு ஏறி இறங்குகிறவன் போல ஓட்டினான். இறங்குதுறையை அடைந்தபோது பஸ் நேரம் கடந்து இருபது நிமிஷம். சறோஜினிதேவி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்னாலே மரியநாயகம், "ஓடாதையும் காணும்! விழுந்து கிழுந்து போடாதையும்!" என்று கத்தினான்.

பஸ் நின்றது. சாரதி பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். அவள் ஏறியதும் பேப்பரை மடித்தான்.

"இவ்வளவு நேரம் ஏன் எடுக்கேல்லை?" என்று அவள் கொண்டக்டரைக் கேட்டாள்.

"எஞ்சின் சூடேறேல்லை," என்றான் அவன் வெளியே பார்த்தபடி.

அவள் அம்மனுக்கும் மாதாவுக்கும் ஒரேயடியாக நன்றி சொன்னாள். எது பலித்ததோ யாருக்குத் தெரியும்.

சோதனை மண்டபத்தில் கேள்வித்தாளைத் திருப்பியபோது பதினேழாவது கேள்வி அவளுக்காகவே எழுதியது போலிருந்தது. 'ஒரு வீட்டுக்கு மூவர் வருகின்றனர். ஒருவர் வைத்தியர். ஒருவர் பால் கொண்டுவருகிறார். ஒருவர் பழம் கொண்டுவருகிறார். உறுதியாகப் பெறக்கூடிய முடிவு எது?' முதல் விடை, 'வீட்டில் ஒருவர் நோயாளி'. இரண்டாவது, 'வீட்டில் எல்லாரும் நோயாளிகள்'. மூன்றாவது, 'வீட்டில் ஒரு குழந்தை பிறக்க இருக்கிறது'. நாலாவது, 'வீட்டுக்கு வந்தவர்களுள் ஒருவராவது வைத்தியர்'.

சறோஜினிதேவி கேள்வியைப் பார்த்துச் சிரித்தாள். பந்தியில் இல்லாததை உள்ளே கொண்டுபோக இவள் என்ன பைத்தியமா? நாலாவதுக்குப் புள்ளடி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

அவள் பாஸ் பண்ணினாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பெறுபேறு வர மூன்று மாதம் எடுத்தது. அடுத்த வருஷம் குருணாகலில் ஒரு கந்தோரில் அவளுக்கு ஒரு கதிரை கிடைத்தது. அந்த ஊரில் ஒரு சின்ன வீட்டில் அவளும் இராசநாயகமும் ஒரே அடுப்பை மூட்டினார்கள். ஆனால் இந்தக் கதை சோதனை நடந்த அன்று மாலையோடு முடிகிறது.

மாலை பஸ்ஸிலிருந்து ஊர்காவற்றுறையில் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். இறங்குதுறையில், கையில் ஒரு பையோடு, ரெயில் கரி படிந்த சேட்டோடு இராசநாயகம் நின்றான்.

"இஞ்சை எப்பிடி? லீவோ?"

"சும்மா. உம்மைப் பாக்க வேணும்போலை கிடந்தது. மாமாவிட்டைச் சொல்லிப்போட்டு இரவு மெயிலிலை ஏறினனான்." அவன் அவளுடைய பையை வாங்கிக்கொண்டான். முகத்தைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டான். "களைச்சுப் போனீர். வாரும்."

வள்ளத்தில் அவன் காற்றுப் படாமல் அவளை மறைத்துக்கொண்டு இருந்தான். மரியநாயகம் இருவரையும் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். அவர்களுடைய அன்பு ஒவ்வொன்றும் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. இந்த மனிதனுக்கு, இந்த ஊருக்கு, தான் எத்தனை பிறப்பில் நன்றி சொல்லித் தீர்ப்பது?

எழுவைதீவு இறங்குதுறையில் மாமி நின்றாள். செல்லாச்சி நின்றாள். மேரிஜோசப்பின் நின்றாள். அவர்களுக்குப் பின்னால் அரைத் தீவு நின்றது. எல்லார் முகத்திலும் ஒரே ஆவல். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. வள்ளம் கட்ட முதலே எழும்பி நின்றாள். விழுந்துவிடாமல் இராசநாயகம் கையைப் பிடித்தான்.

"மாமி, என்னை மன்னியுங்கோ! எல்லாரும் மன்னியுங்கோ. பால் தந்தியள், சீனி தந்தியள், தண்ணி அள்ளித் தந்தியள். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லேல்லை. எனக்குப் பிள்ளை இல்லை. நான் பிள்ளைத்தாச்சி இல்லை!"

மரியநாயகம் எஞ்சினை நிறுத்தினான்.

மாமி முன்னால் வந்து மருமகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"பிள்ளையோ?" என்றான் இராசநாயகம் மெதுவாக. "அம்மா எனக்கு அப்பிடி ஒண்டும் எழுதேல்லையே."

செல்லாச்சி வாயைத் திறந்தாள். மாமி அவளுடைய கையைக் கிள்ளினாள். கூட்டத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் பொறுமை முடிந்துபோன மேரிஜோசப்பின்தான் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து, இடுப்பில் கையை வைத்தபடி சொன்னாள்:

"பிள்ளையெண்டு ஆர் காணும் உமக்குச் சொன்னது? சனிக்கிழமையளிலை கையிலை கொப்பியோடை போற ஆளைக் கண்டால் எங்களுக்கு விளங்காதே? நீர் இந்தமுறை ஒருத்தருக்கும் தெரியாமல் சோதினை எழுதவேணும் எண்டு ஆசைப்பட்டீர், அதுக்காக இந்தத் தீவு முழுக்க நாலு மாதமா ஒண்டும் தெரியாத மாதிரி நடிச்சுக் களைச்சுப் போச்சு. இனியெண்டாலும் எங்களைக் கேக்க விடும், சோதினை எப்பிடி?"